கோப்பு யாருடையது?

தொண்ணூறுகளிலும் அதற்கடுத்த பத்தாண்டிலும் தமிழ்நாட்டு அச்சகங்களில் உருவான திருமண அழைப்பிதழ்கள், தேர்தல் துண்டறிக்கைகள், சிற்றிதழ்கள், கவிதைத் தொகுப்புகள் எனக் கணக்கற்றவை பேஜ்மேக்கர் என்ற மென்பொருளில் பக்கம் கட்டப்பட்டவை. ஆல்டஸ் என்ற அமெரிக்க நிறுவனம் 1985இல் வெளியிட்ட மென்பொருள் அது. 1994இல் ஆல்டஸ் அடோபியின் கைக்குப் போனது. 2001இல் வந்த 7ஆம் பதிப்போடு பேஜ்மேக்கரின் வளர்ச்சி நின்றது; அதன் இடத்துக்கு இன்டிசைன் வந்தது. தொடக்கத்தில் பழைய பேஜ்மேக்கர் கோப்புகளை இன்டிசைன் திறந்துகொண்டிருந்தது. பிந்தைய பதிப்புகளில் அந்த வசதியும் எடுக்கப்பட்டுவிட்டது.

இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். ஒரு டிடிபி மையத்தின் பழைய வன்தட்டில் நூற்றுக்கணக்கான புத்தகங்களின் கோப்புகள் கிடக்கலாம். எழுதியவர் இருக்கிறார், பதிப்பாளர் இருக்கிறார், கோப்பும் பழுதில்லாமல் இருக்கிறது. ஆனால் இன்றைய கணினியில் அதைத் திறக்கும் மென்பொருள் கடையில் இல்லை. மறுபதிப்பு வேண்டுமென்றால் அச்சான புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு முதலிலிருந்து தட்டச்சு செய்ய வேண்டியிருக்கிறது. பணம் கொடுத்து வாங்கிய கருவி, சொந்த உழைப்பு, சொந்த எழுத்து. ஆனாலும் சாவி வேறொருவர் கையில் இருந்திருக்கிறது.

இந்தப் பூட்டைத் திறந்தவர்கள் தன்னார்வலர்கள். கைவிடப்பட்ட வடிவங்களில் சிக்கிய கோப்புகளை மீட்பதற்கென்றே 2014இல் 'டாக்குமென்ட் லிபரேஷன்' என்ற திட்டம் தொடங்கியது. பேஜ்மேக்கர் கோப்பு உள்ளுக்குள் எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பைட் பைட்டாக ஆராய்ந்து, அதைப் படிக்கும் நிரலை எழுதி, எல்லோருக்கும் பொதுவாக வைத்தார்கள். லிப்ரே ஆபிஸ் என்ற கட்டற்ற அலுவலக மென்பொருளின், 2015 ஜனவரியில் வெளியான 4.4ஆம் பதிப்பில் அந்த நிரல் சேர்ந்தது. இன்று லிப்ரே ஆபிஸின் 'டிரா' செயலியில் பழைய பேஜ்மேக்கர் கோப்பைத் திறந்து பார்க்கலாம். பக்க அமைப்பு அச்சு அசலாக வரும் என்று உறுதி சொல்ல முடியாது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த எழுத்தை ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) மாற்றும் வேலையும் மிச்சமிருக்கும். ஆனால் கதவு திறந்துவிட்டது.

விலையுயர்ந்த மென்பொருளுக்கு இலவச மாற்று உண்டா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் பணத்தை மனத்தில் வைத்தே கேட்கிறார்கள். அதற்கு முன்னால் வர வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. இன்று நான் செய்யும் வேலை இருபது ஆண்டு கழித்து, யாருடைய அனுமதியும் இல்லாமல், திறக்குமா? கட்டற்ற மென்பொருளின் முழு மதிப்பும் இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

மூலநிரலும் உரிமமும்

மென்பொருளுக்கு இரண்டு வடிவங்கள் உண்டு. நிரலாளர் எழுதுவது மூலநிரல். 'விலையை எடு, அதில் 18 விழுக்காட்டை வரியாகக் கூட்டு, மொத்தத்தைக் காட்டு' என்பது போன்ற கட்டளைகள் மனிதர் படிக்கக்கூடிய மொழியில் அதில் வரிசையாக இருக்கும். கம்பைலர் என்ற இன்னொரு மென்பொருள் அதைக் கணினிச் சில்லு புரிந்துகொள்ளும் எண்களாக மாற்றுகிறது. வணிக மென்பொருளை வாங்கும்போது நம் கைக்கு வருவது இந்த எண்குவியல் மட்டுமே. அது ஓடும், ஆனால் எப்படி ஓடுகிறது என்று படிக்க முடியாது. நாளை வரி விகிதம் மாறினால் அந்த ஒரு வரியைத் திருத்தவும் முடியாது. திருத்தித் தரும்படி நிறுவனத்தை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டும்.

அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வகத்தில் வேலை செய்த ரிச்சர்ட் ஸ்டால்மன் இந்த நிலையை ஏற்க மறுத்தார். 1983 செப்டம்பரில் குனு என்ற முழுக் கட்டற்ற இயங்குதளத்தை உருவாக்கப்போவதாக அறிவித்தார். அவருடைய பெரிய படைப்பு என்று நான் கருதுவது நிரலைக் காட்டிலும் 1989இல் வெளிவந்த குனு பொது உரிமத்தைத்தான். மென்பொருளை எந்த நோக்கத்துக்கும் இயக்கலாம், மூலநிரலைப் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்குக் கொடுக்கலாம் என நான்கு உரிமைகளை அது தருகிறது. கூடவே ஒரு நிபந்தனை: திருத்தியதைப் பிறருக்குக் கொடுக்கும்போது, உங்களுக்குக் கிடைத்த அதே உரிமைகளை அவர்களுக்கும் கொடுக்க வேண்டும். பொதுவில் வைத்ததை யாரும் எடுத்துப் பூட்டிவிடக் கூடாது என்பதற்காகப் பதிப்புரிமைச் சட்டத்தையே காவலுக்கு நிறுத்திய ஏற்பாடு இது.

எனவே விலையில்லாமல் கிடைப்பதெல்லாம் கட்டற்ற மென்பொருள் ஆகிவிடாது. முப்பது நாள் சோதனைப் பதிப்பும், விளம்பரம் காட்டி ஓடும் கைபேசிச் செயலியும் இலவசம்தான். அவற்றின் மூலநிரல் மூடியே இருக்கிறது. உரிமையாளர் நினைத்தால் நாளைக்கே நிறுத்திவிடலாம்.

நிறுவனம் போனாலும் மென்பொருள் நிற்கும்

உரிமத்தின் வலிமை நிறுவனம் கைமாறும்போதும் மூடப்படும்போதும்தான் தெரியும். ஜெர்மனியில் பிறந்த ஸ்டார் ஆபிஸ் என்ற அலுவலக மென்பொருளை 1999இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வாங்கியது. அடுத்த ஆண்டே அதன் மூலநிரலைத் திறந்துவிட்டு ஓப்பன் ஆபிஸ் என்று பெயரிட்டது. 2010இல் சன் நிறுவனத்தையே ஆரக்கிள் வாங்கியது. புதிய உரிமையாளரின் போக்கில் நம்பிக்கை இழந்த நிரலாளர்கள் அதே ஆண்டு செப்டம்பரில் மூலநிரலை எடுத்துக்கொண்டு வெளியேறி, லிப்ரே ஆபிஸ் என்ற புதிய கிளையைத் தொடங்கினார்கள். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டிய தேவை இருக்கவில்லை. உரிமம் அந்த வழியைத் திறந்தே வைத்திருந்தது. பயனர்கள் தங்கள் கோப்புகளோடு புதிய வீட்டுக்கு இடம்பெயர்ந்தார்கள்.

பிளெண்டரின் கதை இன்னும் உணர்ச்சிகரமானது. நெதர்லாந்தின் டோன் ரோசெண்டால் உருவாக்கிய முப்பரிமாண அசைவூட்ட மென்பொருள் அது. அதை விற்ற நிறுவனம் 2002இல் மூடப்பட்டபோது, முதலீட்டாளர்கள் 1,00,000 யூரோ கொடுத்தால் மூலநிரலைத் திறந்துவிடச் சம்மதித்தார்கள். உலகெங்கும் உள்ள பயனர்கள் ஏழே வாரத்தில் அந்தத் தொகையைத் திரட்டினார்கள். 2002 அக்டோபர் 13 அன்று பிளெண்டர் குனு உரிமத்தின் கீழ் வெளியானது. இருபத்திரண்டு ஆண்டு கழித்து லாத்வியா நாட்டு இயக்குநர் கின்ட்ஸ் ஜில்பலோடிஸ் 'ஃப்ளோ' என்ற படத்தைப் பிளெண்டரில் உருவாக்கினார். வசனமே இல்லாத அந்தப் படம் 2025 மார்ச்சில் சிறந்த அசைவூட்டப் படத்துக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றது. அந்தப் போட்டியில் பிக்சாரும் டிரீம்வொர்க்ஸும் இருந்தன. கையில் பெரிய ஸ்டுடியோ இல்லாத ஒரு கலைஞனை, பொதுமக்கள் காசு போட்டு விடுவித்த கருவி அந்த மேடை வரைக்கும் கொண்டுபோயிருக்கிறது.

ஓமனில் செய்த வேலை தமிழுக்கு உதவிய விதம்

தமிழில் பக்கம் கட்டுவதற்கு ஒரு கட்டற்ற மென்பொருள் உண்டு. அதன் பெயர் ஸ்கிரைபஸ். அச்சகத்துக்கு வேண்டிய நான்கு நிறப் பிரிப்பு, அச்சுக்கென்றே வரையறுத்த பிடிஎஃப் வடிவம் ஆகியவற்றை அது நெடுங்காலமாகவே தந்துவந்தது. ஆனாலும் தமிழ் எழுத்துகள் அதில் உடைந்து கிடந்தன.

காரணம் தமிழ் எழுத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. ஒருங்குறியில் 'கொ' என்று அடிக்கும்போது கணினி நினைவில் பதிவது ககரத்துக்கு ஓர் எண், ஒகரக் குறிக்கு ஓர் எண் என இரண்டே எண்கள்தான். திரையில் தெரிய வேண்டியதோ மூன்று வடிவங்கள்: முதலில் ஒற்றைக்கொம்பு, நடுவில் க, கடைசியில் கால். அதாவது குறியை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை எழுத்துக்கு முன்னால் கொண்டுவந்து வைக்க வேண்டும். எண்ணுக்கு ஒரு வடிவம் என்று வரிசையாக வரைந்துகொண்டே போகும் மென்பொருளுக்கு இது தெரியாது. அரபிக்கும் இதே போன்ற சிக்கல் உண்டு. அங்கே சொல்லின் முதலில், நடுவில், கடைசியில் வருவதற்கேற்ப ஒரே எழுத்து வடிவம் மாறும்.

இந்த வேலையைச் செய்வதற்கென்றே ஹார்ஃப்பஸ் என்ற கட்டற்ற நிரல் இருக்கிறது. ஃபயர்பாக்ஸிலும், குரோமிலும், ஆண்ட்ராய்டு கைபேசியிலும், லிப்ரே ஆபிஸிலும் நீங்கள் படிக்கும் தமிழை ஒழுங்குபடுத்தி நிறுத்துவது அதுதான். ஸ்கிரைபஸில் அதைப் பொருத்தும் வேலையில் ஓமன் நாட்டைச் சேர்ந்த கட்டற்ற மென்பொருள் குழு ஒன்று முன்னால் நின்றது. அவர்களுக்கு வேண்டியிருந்தது அரபி. ஆனால் அந்த அடுக்கு உள்ளே வந்ததும் தமிழும், இந்தியும், பிற இந்திய மொழிகளும் சேர்ந்தே சரியாயின. சோதனைப் பதிப்புகளில் வளர்ந்த இந்த வசதி 2024இல் வந்த ஸ்கிரைபஸ் 1.6 நிலையான பதிப்பில் எல்லோருக்கும் கிடைத்தது. மூலநிரல் திறந்திருந்தால், ஒரு மொழிக்காரர் தமக்காகச் செய்த வேலை முகமறியாத இன்னொரு மொழிக்காரருக்கும் சேர்ந்துவிடும். சிறிய சந்தை என்று வணிக நிறுவனங்கள் ஒதுக்கும் மொழிகளுக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு வேறில்லை.

காசு யார் கொடுக்கிறார்கள்?

எல்லாம் தன்னார்வலர் வேலை என்று நினைத்தால் தவறு. லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்தின் கருவகத்தில் எழுதுபவர்களில் பெரும்பாலோர் இன்டெல், ரெட் ஹேட், கூகுள் போன்ற நிறுவனங்களில் சம்பளம் வாங்குபவர்கள். தங்கள் சர்வர்கள் அதில் ஓடுவதால் பராமரிப்புச் செலவை அந்த நிறுவனங்கள் பகிர்ந்துகொள்கின்றன. உலகின் அதிவேகமான 500 மீக்கணினிகள் அனைத்தும் 2017 முதல் லினக்ஸில்தான் ஓடுகின்றன. பிளெண்டருக்கு வளர்ச்சி நிதி இருக்கிறது. நிறுவனங்களும் தனியாட்களும் அதில் மாதாமாதம் செலுத்துகிறார்கள்.

கண்ணுக்குத் தெரியாத சிறிய நிரல்களின் நிலை வேறு. 2014இல் இணையப் பாதுகாப்புக்கான ஓப்பன் எஸ்எஸ்எல் நிரலில் 'ஹார்ட்பிளீட்' என்ற பெரிய ஓட்டை வெளிப்பட்டது. உலகின் வலைத்தளங்களில் பெரும்பகுதி நம்பியிருந்த அந்தத் திட்டத்துக்கு அதுவரை ஆண்டுக்குச் சுமார் 2,000 டாலர்தான் நன்கொடை வந்துகொண்டிருந்தது. 2024 மார்ச்சில் நடந்தது அதைவிட அச்சமூட்டுவது. எக்ஸ்இஸட் என்ற கோப்புச் சுருக்க நிரலை ஒருவர் தனியாளாக, சம்பளமின்றி, களைத்துப்போன நிலையில் பராமரித்துவந்தார். உதவி செய்வதாக வந்த ஒருவர் இரண்டு ஆண்டுக்கு மேல் நல்லவராக நடந்து நம்பிக்கையைப் பெற்று, நிரலுக்குள் ரகசியக் கதவு ஒன்றை வைத்துவிட்டார். ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர் தொலைக் கணினியில் நுழைவதற்கு வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக ஆவதைக் கவனித்தார். சந்தேகம் கொண்டு தோண்டிப் பார்த்துக் கண்டுபிடித்து உலகுக்கு அறிவித்தார்.

இந்தச் சம்பவம் இரண்டு பாடங்களைச் சேர்த்தே சொல்கிறது. எல்லாம் திறந்திருந்ததால்தான் வெளியாள் ஒருவர் அடி வரை போய்ப் பார்க்க முடிந்தது. திறந்திருந்தால் மட்டும் போதாது, பராமரிப்பவருக்குச் சோறும் ஓய்வும் கிடைக்க வேண்டும் என்பதும் அதே அளவுக்கு உண்மை.

எதற்கு எது?

நம் ஊரில் ஒப்பீடு பல இடங்களில் விலை கொடுத்து வாங்கியதற்கும் இலவசத்துக்கும் இடையே நடப்பதில்லை. 'கிராக்' செய்த பிரதிக்கும் கட்டற்றதற்கும் இடையே நடக்கிறது. புதுக் கணினி வாங்கும்போதே திருட்டுப் பிரதிகளை ஏற்றித் தருவது பல கடைகளில் வழக்கம். பாதுகாப்புத் திருத்தங்கள் ஒழுங்காக வராத, உள்ளே என்ன ஒளிந்திருக்கிறது என்று தெரியாத பிரதி அது. ஒரு நாள் கோப்புகள் அனைத்தும் பூட்டப்பட்டு, பிணைப்பணம் கேட்டுத் திரையில் செய்தி வந்தால் முறையிடவும் இடமில்லை. சட்டப்படி வாங்கும் வழியும் மாறிவிட்டது. அடோபி 2013இலும் ஆட்டோடெஸ்க் 2016இலும் ஒரேமுறை விலை கொடுத்து வைத்துக்கொள்ளும் முறையைக் கைவிட்டுச் சந்தாவுக்கு மாறின. சந்தா நின்றால் மென்பொருள் நிற்கும். அதில் மட்டுமே திறக்கும் கோப்பும் அதோடு நிற்கும்.

மாற்றுகளைத் துறைவாரியாகச் சொல்கிறேன். கடிதம், கணக்குத்தாள், விளக்கப்படம் போன்ற அலுவலக வேலைக்கு லிப்ரே ஆபிஸ். படத் திருத்தத்துக்கு கிம்ப், ஓவியத்துக்கு கிரீட்டா. கோரல்டிராவிலும் இல்லஸ்டிரேட்டரிலும் செய்யும் கோட்டோவிய வேலைக்கு இங்க்ஸ்கேப். நிலவரைபடத்துக்கு கியூஜிஐஎஸ், பல்கலைக்கழகங்களிலும் அரசுத் துறைகளிலும் அது வேரூன்றிவிட்டது. புள்ளியியலுக்கு நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் பிறந்த ஆர். பல துறைகளில் ஆய்வாளர்களின் முதன்மைக் கருவியே இப்போது அதுதான். மேட்லேபில் செய்யும் கணக்கீடுகளுக்கு ஆக்டேவ், சைலேப். மின்சுற்றுப் பலகை வடிவமைக்க கைகேட். ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்ன் அதன் வளர்ச்சிக்குத் துணைநின்றது. எந்திர உறுப்புகளை வடிவமைக்க ஃப்ரீகேட். இருபது ஆண்டுக்கு மேல் வளர்ந்து 2024 நவம்பரில்தான் 1.0 என்ற முழுப் பதிப்பைத் தொட்டது. தொழில் கணக்குக்கு, மும்பையில் உருவாகி ஜிஎஸ்டியைக் கையாளும் ஈஆர்பி நெக்ஸ்ட்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். கிம்ப் நெடுங்காலமாக அச்சுக்கான நான்கு நிற வேலையில் பின்தங்கியே இருந்துவருகிறது. எக்செலில் நுணுக்கமான மேக்ரோக்கள் எழுதி வைத்திருக்கும் அலுவலகம் லிப்ரே ஆபிஸுக்கு வந்தால், அவற்றில் சிலவற்றைத் திரும்ப எழுத வேண்டியிருக்கும். இன்டிசைனின் சொந்தக் கோப்பை ஸ்கிரைபஸால் நேரடியாகத் திறக்க முடியாது. வாடிக்கையாளர் ஆட்டோகேட் கோப்பாகவே கேட்டால், பட்டறைக்காரர் தத்துவம் பேசிக்கொண்டிருக்க முடியாது. மாற்று எல்லாருக்கும், எல்லா வேலைக்கும், இன்றே ஒத்துவரும் என்று சொல்வது ஏமாற்று.

மாறும் வரிசை

எனவே எந்த வரிசையில் மாறுவது என்பது முக்கியம். பிரான்சின் ஜாந்தார்மரி காவல்படை 2005இல் இயங்குதளத்தைத் தொடவில்லை. விண்டோஸ் கணினிகளிலேயே ஓப்பன் ஆபிஸை நிறுவியது. அடுத்த ஆண்டு உலாவியும் மின்னஞ்சல் மென்பொருளும் மாறின. கோப்புகளும் பழக்கங்களும் புதிய கருவிகளுக்கு வந்துசேர்ந்த பிறகே, 2008இல், உபுண்டு லினக்ஸுக்கு நகரத் தொடங்கியது. அதற்குள் காவலர்களுக்கு அன்றாடம் பயன்படுத்துபவை எல்லாம் பழகிப்போயிருந்தன. பல பத்தாயிரம் கணினிகள் அங்கே இன்றும் லினக்ஸில் ஓடுகின்றன.

எல்லா மாற்றமும் இப்படி நிலைத்துவிடவில்லை. ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி சுமார் 15,000 கணினிகளை லினக்ஸுக்கு மாற்றி 2013இல் பணியை முடித்தது. ஆனால் விண்டோஸில் மட்டுமே ஓடும் சில மென்பொருள்களும், வெளியிலிருந்து வரும் கோப்புகளோடு ஒத்துப்போகாத சிக்கல்களும் தொடர்ந்தன. நகராட்சித் தலைமையும் மாறியது. 2017இல் விண்டோஸுக்கே திரும்ப மன்றம் வாக்களித்தது. அதே ஜெர்மனியில் ஸ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம் 2024இல் 30,000 அரசுக் கணினிகளை லிப்ரே ஆபிஸுக்கு மாற்ற முடிவெடுத்தது. பிரான்சைப் போலவே அங்கேயும் அலுவலக மென்பொருளையும் திறந்த கோப்பு வடிவத்தையும் முன்வைத்தே வேலை தொடங்கியது.

பக்கத்து மாநிலமான கேரளம் நமக்கு அருகில் உள்ள சான்று. அங்கே அரசுப் பள்ளிகளின் கணினிக் கல்வி பல ஆண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளில்தான் நடக்கிறது. பாடநூலையே அதற்கேற்ப எழுதினார்கள். ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். தமிழ்நாடு அரசு 2011 முதல் வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளிலும், சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இயங்குதளம் விண்டோஸோடு சேர்ந்தே இருந்தது. கருவியைக் கையில் கொடுத்தோம். பாடத்தையும் பயிற்சியையும் அதே அளவுக்குக் கொடுத்திருந்தால், ஒரு தலைமுறையே அதில் தேறி வந்திருக்கும். அதை இப்போதும் செய்யலாம்.

தனியாட்களுக்கும் இதே வரிசைதான். முதலில் கோப்பு வடிவம், பிறகு செயலி, கடைசியில் இயங்குதளம். எழுத்து ஆவணங்களுக்கு ஓடிஎஃப் என்ற திறந்த வடிவம் உண்டு. 2006 முதல் அது பன்னாட்டுத் தரம். கோட்டோவியத்துக்கு எஸ்விஜி, அட்டவணைக்கு சிஎஸ்வி. தமிழை எங்கே அடித்தாலும் ஒருங்குறியில் அடியுங்கள். விலை கொடுத்து வாங்கிய மென்பொருளைத் தொடர்ந்து பயன்படுத்துபவர்களும் ஒவ்வொரு வேலை முடியும்போதும் திறந்த வடிவத்தில் ஒரு பிரதியைச் சேமித்து வைக்கலாம். அதற்குச் செலவும் இல்லை, பெரிய நேரமும் ஆகாது.

பதிப்பாளர்களுக்கும் அச்சக நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பழைய வன்தட்டுகளையும் சிடிகளையும் எடைக்குப் போடுமுன் லிப்ரே ஆபிஸில் ஒருமுறை திறந்து பாருங்கள். திறப்பதை ஒருங்குறிக்கு மாற்றி வையுங்கள். கட்டற்ற மென்பொருள்களால் பிழைப்பு நடத்துபவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது அவற்றை உருவாக்கும் திட்டங்களுக்கு ஒரு சிறு தொகை அனுப்புங்கள். பணம் இல்லாதவர்கள் தமிழில் ஒரு பிழையைச் சுட்டலாம், இடைமுகச் சொற்களை மொழிபெயர்க்கலாம், தெரிந்ததை ஒரு மாணவருக்குக் கற்றுக்கொடுக்கலாம். நம் எழுத்து நம்மிடமே இருக்க வேண்டுமென்றால், அதைத் திறக்கும் கருவியைப் பேணுவதிலும் நமக்குப் பங்கு இருக்க வேண்டும்.